வளர்ப்புக் குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது: ஒரே நாளிலா, பழகிப் பழகியா, பரீட்சை முடிந்தா?

போன மாதம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அனுப்பும் வீட்டிலிருந்து, மற்றது ஏற்கும் வீட்டிலிருந்து.

முதல் கடிதம் எழுதியவர் ஒரு வளர்ப்புத் தாய், அதாவது தத்து எடுக்காமல், உத்தரவின் பேரில் ஒரு குழந்தையைச் சில காலம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவர். 7 வயதுப் பெண் குழந்தை 14 மாதமாக இவரிடம் வளர்கிறது. இப்போது தாய்மாமன் குடும்பம் ஏற்க முன்வந்து, உத்தரவும் ஆகிவிட்டது. “அவங்க வர்ற அன்னைக்கே அனுப்பிடுறதுதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இழுத்தா அழுகைதான் ஜாஸ்தியாகும்னு. எனக்கு மனசு ஒப்பலை.”

இரண்டாவது, ஒரு தம்பதி. வேறொரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் 9 வயதுப் பையன் இவர்களிடம் வர இருக்கிறான். அங்கே அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஆனாலும் அந்த வீட்டார் “முழுப்பரீட்சை முடியட்டும்” என்கிறார்கள். இவர்களுக்குக் காத்திருக்கத் தயக்கம். “சீக்கிரம் வந்தா சீக்கிரம் ஒட்டிக்குவான்ல?”

இரண்டிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: போன பிறகு பழைய வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ளலாமா?

நான் சில வருடங்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் ஆற்றுப்படுத்துநராக இருந்தவள். சரியாகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதுதான் அதிகம். அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை நீங்களும் நானும் முடிவு செய்வதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. ஆனால் எப்படிப் போகிறது என்பதில் குடும்பங்கள் பேச இடமுண்டு. “இந்தத் தேதி, இத்தனை சந்திப்பு, இந்த முறையில் மாற்றினால் நல்லது” என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. கேட்டார்களா என்று நீங்கள் தாராளமாக விசாரிக்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல், குழந்தையின் காலக்கணக்கு. 3 வயதுக் குழந்தைக்கு ‘அடுத்த வாரம்’ என்று ஒன்று கிடையாது. 9 வயதுப் பையன் தினசரிக் காலண்டரில் தாள் கிழித்து எண்ணுவான். அதனால் ஒருவனுக்கு மூன்று வாரம் என்பது தயாராகும் நேரம், இன்னொருவனுக்கு அது முடிவே இல்லாத குழப்பம்.

இரண்டாவது, இப்போது இருக்கும் வீடு பாதுகாப்பானதா என்பது. இதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் மற்ற எல்லா அளவுகோலும் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவதுதான் என் அனுபவத்தில் மிகவும் கனமானது: இரண்டு வீட்டுப் பெரியவர்களும் குழந்தையின் கண்முன் முகம் கொடுத்துப் பேசுவார்களா? பேசுவார்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. மாட்டார்கள் என்றால் எத்தனை வாரம் ஒதுக்கினாலும் வீண்.

பிறகு தூரம், பஸ் காசு, லீவு. கடைசியாகப் பள்ளிக்கூடம்.

பெரியவர்களின் அழுகையை நான் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ‘இழுத்தா அழுகை ஜாஸ்தியாகும்’ என்று சொல்லும்போது யாருடைய அழுகை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது நம்முடையதாகத்தான் இருக்கும்.

## வழி 1: ஒரே நாளில் மாற்றுவது

காலையில் வண்டி வரும், மதியம் புது வீட்டில் சாப்பாடு. அலுவலகத்துக்கு எளிது, வண்டிச் செலவு ஒரு தடவைதான், நாமும் ஒரே மூச்சில் அழுது முடிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு பிறகுதான் தெரியும். 5 வயதுப் பையன் ஒருவனை இப்படி மாற்றியபோது, அவன் கிளம்ப மறுத்ததால், “சும்மா வண்டில ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் கண்ணா” என்று நான் சொன்னேன். ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஸ்கூல் வேனைக் கண்டாலே புது வீட்டு அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொள்வான். அந்தப் பொய்க்கு வட்டி கட்டியது நானல்ல, அந்த அம்மா.

இன்னொன்று, ‘சமத்து’ என்று நாம் நினைத்து ஏமாறும் மௌனம். “போன அன்னைக்கு ராத்திரி அழவே இல்லைங்க, சமத்தா சாப்பிட்டுத் தூங்கிட்டான்.” இதைக் கேட்டால் எனக்கு நிம்மதி வராது. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதி 1960-களில், தாயைப் பிரிந்திருக்கும் சிறு குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் படமெடுத்தார்கள். அதில் 17 மாதக் குழந்தை ஜான், அம்மா பிரசவத்துக்குப் போன 9 நாட்கள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தான். பணியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் யாராவது ஒருவரை ஒட்டிக்கொள்ளப் பார்த்தான், அப்புறம் அழுதான், சாப்பாட்டை மறுத்தான். கடைசியில் அம்மா வந்து நின்றபோது அவளிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே தம்பதி வேறு நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். முன்கூட்டியே பழகி, எப்படித் தூங்கும், என்ன சாப்பிடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவின் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழந்தைகளும் ஏங்கத்தான் செய்தன. ஆனால் ஜான் மாதிரி உடைந்துபோகவில்லை. இரண்டு பக்கமும் பிரிவு ஒன்றுதான், கைமாற்றிய விதம் வேறு.

ஆனாலும் ஒரே நாள் மாற்றமே சரி என்ற நேரங்கள் உண்டு. இருக்கும் வீட்டில் அடி உதை, தப்பான தொடுதல் என்று சந்தேகம் வந்தால் ‘பழகட்டும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அன்றைக்கே சொல்ல வேண்டும். வளர்ப்புத் தாய் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆளே இல்லை என்றாலும் அப்படித்தான். அப்போதும் மூன்று காரியம் முடியும். உண்மையைச் சொல்வது, குழந்தைக்குத் தெரிந்த முகம் ஒன்று கூடவே போய் இரண்டு மணி நேரமாவது அங்கே உட்கார்ந்திருப்பது, அது போர்த்தித் தூங்கும் போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புவது. துவைக்காமல் என்பது முக்கியம், அதில்தான் பழைய வீட்டு வாசனை இருக்கிறது.

## வழி 2: பழகிப் பழகி மாற்றுவது

22 வயதில் ஒரு பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்ப நம்மிடம் எத்தனை ஏற்பாடு! பெண் பார்க்க வருவார்கள், நிச்சயம் நடக்கும், கொண்டுபோய் விட ஒரு வேன் நிறைய ஆட்கள், பிறகு மறுவீட்டு அழைப்பு. வளர்ந்த பெண்ணுக்கே வீடு மாறுவது ஒரே நாள் காரியமில்லை என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. 7 வயதுக் குழந்தையை மட்டும் கையில் ஒரு கட்டைப்பையைக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிடுகிறோம்.

இந்த வழி ஏறக்குறைய அந்தச் சடங்கின் வரிசைதான். முதலில் புது வீட்டார் பழைய வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு மணி நேரம், காபி, பேச்சு. குழந்தையைக் கொஞ்சக்கூட வேண்டாம். ‘நம்ம அம்மா இவங்களோட சிரிச்சுப் பேசுறாங்க’ என்று குழந்தை பார்த்தால் போதும், அந்த நாளின் வேலை அதுதான். அடுத்த முறை சாப்பாடு ஊட்டுவதோ தலை பின்னுவதோ புது அம்மாவின் கைக்கு மாறுகிறது, பழைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ரசம் சாதத்தை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், இருட்டில் பாத்ரூம் போகப் பயமா என்பதெல்லாம் இப்படித்தான் கைமாறும். ஃபைலில் அந்தக் கட்டமே இருக்காது. பிறகு பூங்காவுக்கோ கோயிலுக்கோ சில மணி நேரம் தனியாக. பிறகு பழைய அம்மாவோடு புது வீட்டுக்கு ஒரு நாள்; படுக்கும் இடம் எது, அலமாரியில் தன் தட்டு எது என்று பார்த்துவிட்டுத் திரும்புவது. ஓர் இரவு தங்கல். அப்புறம்தான் மாற்றம்.

எத்தனை நாள்? என் கணிப்பு இது: 5 வயதுக்குள் என்றால் தினமும் சந்திப்பு, மொத்தம் 7 முதல் 10 நாள். 6 முதல் 12 வயது என்றால் மூன்று நான்கு வார இறுதிகள். அதற்கு மேல் என்றால் பிள்ளையே தேதி சொல்லட்டும்.

செலவுக்கு வருவோம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வளர்ப்புக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வருகிறது. 2022-க்கு முன்பு 2,000-ஆக இருந்தது. அது குழந்தையின் சோறு, துணி, படிப்புக்கே சரியாக இருக்கும். நான்கு தடவை குடும்பத்தோடு மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் டிக்கெட்டை அதற்குள் அடக்க முடியாது. தினக்கூலி வீடு என்றால் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு நாள் கூலி. அதனால் ‘வசதியுள்ள வீட்டுக்குத்தான் பழகிப் பழகி’ என்று ஆகிவிடுகிறது. இது எனக்கு உறுத்தல்தான். நேரில் நான்கு சந்திப்பு முடியாவிட்டால் இரண்டு நேரில், மீதி வீடியோ காலில் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சந்திப்பு மட்டும் நேரில்தான் நடக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் பெரியவர்களின் வாய். மூன்றாம் நாளே புது அம்மா, “இவ்வளவு நேரம் டிவி பாக்க விடுவீங்களா?” என்பார். பழைய அம்மா இரவில் குழந்தையின் தலையைத் தடவி, “அங்க போனா என்னை மறந்துடுவியா?” என்பார். இந்த இரண்டாவது கேள்வியால் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். சந்தோஷமாக இருந்தால் அம்மாவுக்குத் துரோகம் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். அழலாம், தப்பில்லை. “நீ போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அவங்க நல்லவங்க, எனக்குப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அழலாம்.

நடுவில் குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிக்கும், சின்ன விஷயத்துக்குப் பொருளைத் தூக்கி எறியும். உடனே எல்லோரும் பயந்துபோய் ‘நிறுத்திடலாம்’ அல்லது ‘சட்டுனு முடிச்சிடலாம்’ என்பார்கள். இரண்டும் வேண்டாம். போகப்போகிறோம் என்று அதற்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஐந்து வாரம், ஆறு வாரம் என்று நீண்டால் கதை மாறும். குழந்தை எந்த வீட்டிலும் செருப்பைக் கழற்றாது.

## வழி 3: பரீட்சை முடியட்டும்

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நம் ஊரில் படிப்பு என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச ஆளில்லை. ஏப்ரலில் பரீட்சை, கோடை விடுமுறையில் வீடு மாற்றம், ஜூனில் புதுப் பள்ளி.

10-ஆம் வகுப்பு, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் இதையே சொல்வேன். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டை மாற்றுவது அநியாயம்.

கீழ் வகுப்புகளுக்கு இந்தக் காரணம் அவ்வளவு பலமானதில்லை. தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை தேர்ச்சியை நிறுத்திவைப்பதில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். சான்றிதழ் தாமதமாகிறது என்று புதுப் பள்ளி சேர்க்க மறுக்கவும் முடியாது. எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) மட்டும் மறக்காமல் குறித்துக்கொண்டால் போதும். ஆக 4-ஆம் வகுப்பு முழுப்பரீட்சை ஒரு குழந்தையின் வீட்டை நிர்ணயிக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

இந்த வழியின் மறைவான செலவு, காத்திருக்கும் மாதங்கள். போகப்போவது குழந்தைக்குத் தெரியும், எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் அடுத்த தீபாவளிக்குத் துணி பேசும்போது தன் பெயர் வராததைக் கவனிக்கும். பழைய வீட்டார் வலி தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குவார்கள். புது வீட்டார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு மூன்று மாதம் வராமல் இருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் மனம் மாறியதையும் பார்த்திருக்கிறேன். அப்போது அந்தக் குழந்தைக்கு என்ன சொன்னோம் என்பதை எழுதக் கை வரவில்லை.

பள்ளியில் உயிரான ஒரு டீச்சரோ ஒரே ஒரு நெருங்கிய நண்பனோ இருந்தால், அதற்காகக் காத்திருக்கலாம். மார்க்குக்காக வேண்டாம்.

| | ஒரே நாளில் | பழகிப் பழகி | பரீட்சை வரை |
|---|---|---|---|
| வீட்டில் ஆபத்து | இது மட்டுமே | கூடாது | கூடாது |
| 5 வயதுக்குள் | வேறு வழியில்லை என்றால் | 7–10 நாள், தினமும் | பொருளில்லை |
| 6–12 வயது | வேறு வழியில்லை என்றால் | 3–4 வார இறுதிகள் | இடையில் சந்திப்பு இருந்தால் மட்டும் |
| 10, 12-ஆம் வகுப்பு | ஆபத்து என்றால் மட்டும் | பரீட்சைக்குப் பிறகு | இதுதான் சரி |
| பஸ் காசு, லீவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| பிறகு வரும் தொல்லை | அதிகம் | குறைவு | காத்திருப்பைப் பொறுத்து |

## போன பிறகு: வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

‘பழைய ஆட்களைப் பார்த்தால் புது இடத்தில் ஒட்டாது’ என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. இங்கிலாந்திலும், வளர்ப்பு வீட்டிலிருந்து தத்து வீட்டுக்குப் போன குழந்தையைப் பழைய வளர்ப்புத் தாய் கொஞ்ச காலம் பார்க்காமல் இருப்பதே நல்லது என்ற வழக்கம் இருந்தது. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மேரி பீக், எல்ஸ்பெத் நீல், ஜிலியன் ஸ்கோஃபீல்ட் ஆகியோர் அதைக் கேள்வி கேட்டு, மாறிய பிறகு சீக்கிரமே பழைய வளர்ப்புத் தாய் போய்ப் பார்க்கும் முறையை வகுத்தார்கள். எனக்கும் அதே கட்சிதான். காணாமல்போன அம்மாவைத் தேடும் மனது புது அம்மாவிடம் எப்படி ஒட்டும்?

ஒரு பையன் கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான், தன் எவர்சில்வர் டம்ளரைத் தவிர. பையில் வைத்தால் எடுத்து வெளியே வைத்தான். “அது இங்கயே இருக்கட்டும். வந்தா தண்ணி குடிக்க வேணும்ல.” அந்த வீட்டு அம்மா அதை அலமாரியில் அதே இடத்தில் வைத்தார். அவன் முதல் தடவை வந்தபோது கூச்சத்தோடு நேராக அலமாரியைத்தான் பார்த்தான்.

வெட்டத்தான் வேண்டும் என்ற நிலைமையும் இருக்கிறது. பழைய வீட்டில் குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால் கேள்வியே இல்லை. ஃபோனில் “அங்க சோறு போடுறாங்களா?” என்று துருவுகிறவர்களையும் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வேண்டும். வாக்கு தவறுகிறவர்களோடும் கவனம் தேவை. ‘ஞாயித்துக்கிழமை வரேன்’ என்று சொல்லி, குழந்தை காலையிலிருந்து கேட்டருகில் உட்கார்ந்து, யாரும் வராமல் போவதைவிட, மாதம் ஒரு முறை என்று சொல்லித் தவறாமல் வருவது எவ்வளவோ மேல்.

அண்ணன் தம்பி அக்கா தங்கை விஷயம் வேறு. முடிந்தவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிரிய நேர்ந்தால் அவர்கள் சந்திப்பதற்கு யாருடைய தயவும் தேவையாக இருக்கக் கூடாது, ஏற்பாட்டை உத்தரவிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கூப்பிடும் முறையும் ஒரு சிக்கல். புது வீட்டார் முதல் நாளே ‘அம்மான்னு கூப்பிடு’ என்பார்கள். அவசரம் வேண்டாம். அத்தை, சித்தி, பெரியம்மா என்று நம்மிடம் உறவுப் பெயருக்குப் பஞ்சமா? பழைய அம்மா பெரியம்மா ஆவதும், ‘பழைய அம்மா’வாகவே இருப்பதும் குழந்தையின் இஷ்டம்.

## இரண்டு கடிதங்களுக்கும்

தம்பதிக்கு: பரீட்சைக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அழைத்து வரவும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், பையன் மனதில் ‘என்னாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சோ’ என்ற நினைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் நடமாடும்போதே, தன் வாயால், “உன்னால இல்லடா” என்று சொல்லி அனுப்ப முடியும் என்றால் அதற்கு மூன்று வாரம் செலவழிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பழம் வாங்கிப் போங்கள், செல்ஃபோன் பரிசெல்லாம் வேண்டாம்.

வளர்ப்புத் தாய்க்கு: உங்கள் மனசு ஒப்பாதது சரியான காரணத்துக்குத்தான். மாமா என்றாலும் 14 மாதமாகப் பார்க்காத மாமா அந்தக் குழந்தைக்குப் புது ஆள்தான். மூன்று வார இறுதிகள் கேட்டுக் குழுவுக்கு எழுதுங்கள். ஒரு நோட்டில் அவள் சாப்பாடு, தூக்கம், பயம், சிரிக்கவைக்கும் விஷயம் எல்லாம் எழுதுங்கள். உங்கள் வீட்டில் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுச் சேருங்கள். தடுப்பூசி அட்டையும் ஆதாரும் மேலாக இருக்கட்டும். துணியை ஒரு நல்ல பெட்டியில் வையுங்கள், அது அவளுடைய பெட்டி என்று அவளிடமே சாவியைக் கொடுங்கள்.

கிளம்பும் நேரத்தில் நம் வழக்கப்படி ‘போயிட்டு வா’ என்று வாய் தானாகச் சொல்லும். அதற்கு முன்னால் மாமாவிடம், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நீங்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால், அந்தத் தேதியைக் காலண்டரில் அவளையே வட்டம் போடச் சொல்லி, அந்தத் தாளை அவள் பெட்டியில் வையுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ‘போயிட்டு வா’ வேண்டாம். “மாமா வீட்டுல நல்லா இரு கண்ணு. உன்னை நெனச்சுக்கிட்டே இருப்பேன்” என்று சொல்லுங்கள், வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நில்லுங்கள்.